பறவையின் பெயர் கேட்டு மூன்றாம் கடிதம்

ஐயா அல்லது அம்மணி,
உங்கள் பதில் கிடைத்தது. கையெழுத்தில்லை,
அதனால் யாரென்று தெரியாது.
இயந்திரத்தில் ஒரு பறவை மோதியது,
அது எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது,
ஆகவே நட்டஈடு இல்லை என்று
மூன்றே வரியில் முடித்திருந்தீர்கள்.

என்ன பறவை?

கொழும்பில் இருப்பவனுக்கு இது சின்னக் கேள்வியல்ல.
புறக்கோட்டையில் என் கடைத் தகரத்தில் மட்டும்
இருநூறு காகம் வந்து இருக்கும்.
கட்டுநாயக்கப் பக்கம் போனால் களப்பு, கொக்கு, நீர்க்காகம்.
பருந்தென்றால் எனக்கும் ஒரு மரியாதை.
காகமென்றால் மெதுவாகச் சொல்லுங்கள்,
வெள்ளவத்தையில் தினமும் அதற்குச் சோறு வைப்பவள்
என் மனைவி.

அன்றிரவு பதினொரு மணித்தியாலம்
இரும்புக் கதிரையில் இருந்தோம்.
ஆளுக்கொரு சீட்டுத் தந்தீர்கள்:
ஒரு மாலுபாண், ஒரு பிளேன்ரீ.
"பிளேனுக்குப் பதிலா பிளேன்ரீ" என்றாள்
இடையில் இறங்கிக் குவைத்துக்கு மாறவிருந்த பிள்ளை.
வரிசை முழுக்கச் சிரித்தது.
விடிந்ததும் ரத்து என்றீர்கள்.
மூன்றாம் நாள் இடம் தரலாம் என்றீர்கள்.
கல்யாணம் இரண்டாம் நாள்.

கல்யாணம் எனக்கில்லை.
சபாநேசனுக்கு ஐம்பத்தெட்டு, எமில்டாவுக்கு ஐம்பத்து மூன்று.
பாரிஸில் நகரசபையில் பதிவு. நான் சாட்சி.

மருமகன் சட்டம் தேடிப் பார்த்தான்.
அங்கிருந்து வரும்போது பிளேன் பிந்தினால்
கேட்கவாவது ஒரு சட்டம் இருக்கிறதாம்,
அறுநூறு யூரோ வரைக்கும்.
இங்கிருந்து போகும்போது, உங்கள் கொம்பனிக்கு,
அது பொருந்தாதாம்.
அதே பிளேன், அதே கதிரை, அதே நான்.
அந்தப் பக்கம் என் நேரத்துக்கு ஒரு விலை,
இந்தப் பக்கம் மாலுபாண்.

படிவத்தில் ஒரு பெட்டி:
நட்டத்தின் விபரம், ரசீதுடன்.
வான் கூலி, போகவும் வரவும், பதினாறாயிரம்.
கோட்டுத் தையற்கூலி இருபத்திரண்டாயிரம்
(அளவெடுத்தபோது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன்).
விசாவுக்கு இரண்டு முறை கட்டிய காசு,
முதல் முறை மறுத்துவிட்டார்கள்.

மிச்சத்துக்கு ரசீதில்லை.
தொண்ணூற்றாறில் கொட்டாஞ்சேனை லொட்ஜில் வைத்து
சபாநேசனைக் கொண்டுபோனார்கள்.
"இவன் என் கடையில் வேலை செய்யிறவன்",
பொலிசுக்கு வந்து இந்த ஒரு வசனம் சொல் என்று
ஆள் அனுப்பினான்.
நான் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு
துணிக்கட்டுகளுக்கு நடுவில் இருந்தேன்.
பத்து மாதம் வைத்திருந்தார்கள்.
வெளியே வந்தவன் அதைப்பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.
போன வருடம் ஃபோனில்,
"சாட்சிக்கு நீதான்ரா" என்றான்.

இந்தப் பந்தி உங்களுக்கில்லை.
நல்ல பிரதி எழுதும்போது விட்டுவிடுவேன்.

கோட்டையில் உங்கள் அலுவலகத்துக்கு
நாலு தரம் வந்தாயிற்று.
கண்ணாடிக்குப் பின்னால் டில்ருக்ஷி என்று ஒரு பிள்ளை,
கணினியையே என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.
"பாருங்கோ அங்கிள், பறவை என்று மட்டும்தான் இருக்கு"
என்று சிங்களத்தில் சொன்னாள்.
உண்மைதான். ஒரே ஒரு சொல்.
செத்ததா, தப்பியதா என்றுகூட இல்லை.

காசு வேண்டாம் என்று பெருமைக்கும் சொல்லமாட்டேன்.
அனுப்புங்கள்.
அதோடு பறவையின் பெயரையும்.

இணைப்பு:
வான்காரன் துண்டு, தையற்காரன் துண்டு.
நான் பாவிக்காத சாப்பாட்டுச் சீட்டு ஒன்று.
கல்யாணப் படம் ஒன்று. அதில் இடமிருந்து மூன்றாவது,
தன் பிள்ளையின் பிறப்பைப் பதிய வந்த இடத்தில்
கூப்பிட்டதும் வந்து கையெழுத்துப் போட்ட
மாலி நாட்டு மனிதர்.
கோட்டில்லாமல், நன்றாகச் சிரித்தபடி நிற்கிறார்.
அது நானல்ல.